கைப்பட்டையிலிருந்து மெடல் வரை: பிரிட்டிஷ் ஊர்க்காவல் படைச் சின்னங்களை இனம் காணும் வழி

ஊர்க்காவல் படை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, தேரோட்டத்தன்று கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒதுக்கும் காக்கிச் சட்டைக்காரர்தான். இங்கே ‘ஹோம் கார்டு’ என்ற பெயர் 1946-இல் பம்பாயில் வந்து இறங்கியது. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே அந்தப் பெயரில் பிரிட்டனில் ஒரு படை இருந்தது. பகலில் வங்கியிலும் பண்ணையிலும் வேலை பார்த்துவிட்டு, இரவில் துப்பாக்கியோடு பாலத்தைக் காவல் காத்தவர்களின் படை. இந்தக் கட்டுரை அவர்கள் உடம்பில் தைத்துக்கொண்ட துணித் துண்டுகளையும் குத்திக்கொண்ட பேட்ஜ்களையும் பற்றியது.

பழைய பொருள் சந்தையில் ஒரு டப்பா நிறைய பேட்ஜ் வாங்கிவிட்டு முழிப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நானும் அப்படி முழித்தவன்தான். விற்பவர் எல்லாவற்றையும் ‘ஹோம் கார்டு’ என்பார். அதில் பாதி அதுவாக இருக்காது. மீதிப் பாதியில் எது எந்த ஆண்டுக்கு உரியது என்று அவருக்கும் தெரியாது. இந்தப் பொருட்களில் ஆண்டுதான் முதல் கேள்வி. ஆண்டைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும்.

முதல் வேலை: ஐந்து தேதிகளை மனதில் ஏற்றுங்கள்

1940 மே 14. ஜெர்மன் படை ஹாலந்துக்குள்ளும் பெல்ஜியத்துக்குள்ளும் புகுந்து நான்கு நாள் ஆகியிருந்தது. போர் அமைச்சர் ஆந்தணி ஈடன் அன்றிரவு வானொலியில் பேசினார். 17 முதல் 65 வயதுவரை உள்ள ஆண்கள் உள்ளூர்ப் போலீஸ் நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். சம்பளம் கிடையாது, சீருடையும் ஆயுதமும் தரப்படும் என்றார். படையின் பெயர் ‘லோக்கல் டிஃபென்ஸ் வாலண்டியர்ஸ்’, சுருக்கமாக எல்.டி.வி. பேச்சு முடிவதற்குள்ளேயே சில ஊர்களில் போலீஸ் நிலைய வாசலில் வரிசை நின்றுவிட்டது. ஜூலைக்குள் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது.

1940 ஜூலைக் கடைசி. எல்.டி.வி. என்ற பெயர் சர்ச்சிலுக்குப் பிடிக்கவில்லை. ‘ஹோம் கார்டு’ என்று மாற்றச் சொன்னார். ஈடன் தயங்கினார்: எல்.டி.வி. என்று எழுதிய கைப்பட்டைகள் பத்து லட்சம் ஏற்கெனவே தயாராகிவிட்டன! சர்ச்சில் விடவில்லை, பெயர் மாறியது. ஆக எல்.டி.வி. என்ற எழுத்துக்கு ஆயுள் ஏறக்குறைய பத்து வாரம்தான்.

1940 ஆகஸ்ட். ஒவ்வொரு பிரிவும் அந்தந்த மாவட்ட ராணுவ ரெஜிமெண்டோடு இணைக்கப்பட்டு, அந்த ரெஜிமெண்டின் தொப்பி பேட்ஜை அணியும் உரிமை பெற்றது.

1941 பிப்ரவரி. அதிகாரிகளுக்கு மன்னரின் கமிஷன், அதாவது முறையான அதிகாரி நியமனம், கிடைத்தது. அன்றிலிருந்து ராணுவத்தில் உள்ள அதே பதவிப் பெயர்கள், அதே நட்சத்திரங்கள்.

1944 டிசம்பர் 3. படை ஓய்வுக்கு அனுப்பப்பட்டது. லண்டன் ஹைட் பார்க்கில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் முன்னிலையில் சுமார் ஏழாயிரம் பேர் அணிவகுத்தார்கள். முறைப்படி கலைக்கப்பட்டது 1945 டிசம்பர் 31-இல்.

கையில் கிடைக்கும் எந்தப் பொருளையும் இந்த ஐந்தில் எந்த இரண்டுக்கு நடுவே விழுகிறது என்று முதலில் பாருங்கள்.

கைப்பட்டை: துணிதான், ஆனால் உயிர் அதில் இருந்தது

சேகரிப்பவர்கள் பளபளக்கும் உலோக பேட்ஜைத்தான் முதலில் தேடுவார்கள். என்னைக் கேட்டால் இந்தப் படையின் உண்மையான சின்னம் இந்தக் கசங்கிய காக்கித் துணிதான்.

காரணம் சட்டம். போர் நடத்தும் முறை பற்றிய 1907-ஆம் ஆண்டு ஹேக் சர்வதேச விதிகளின் முதல் பிரிவு ஒரு தன்னார்வப் படையைப் ‘போரிடும் தரப்பு’ என்று ஏற்க நான்கு நிபந்தனைகள் வைக்கிறது. பொறுப்பான தலைவன் ஒருவன் வேண்டும். ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்த வேண்டும். போர் விதிகளை மதிக்க வேண்டும். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் நிலையான சின்னம் ஒன்றை அணிய வேண்டும். 1940 மே மாதத்தில் சீருடை யாருக்கும் போதவில்லை. கோட்டும் டையும் போட்டு, வேட்டைத் துப்பாக்கியைத் தோளில் மாட்டி நின்ற கடைக்காரரை ஜெர்மானியர் பிடித்தால் படைவீரன் என்று நடத்துவார்களா, ஒளிந்திருந்து சுடுபவன் என்று சுவரோரம் நிறுத்துவார்களா? ஜெர்மன் வானொலி இரண்டாவதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் சீருடை வரும்வரை கையில் சுற்றிய அந்த நாலு விரல் அகலத் துணிதான் அவருடைய சீருடை.

பார்க்க வேண்டியவை: காக்கிப் பருத்தித் துணி. அதன்மேல் கறுப்பு மையில் பெரிய எழுத்தில் எல்.டி.வி. என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும், அல்லது ஸ்டென்சில் வைத்துத் தேய்த்திருக்கும். அரசு அனுப்பியது போதாமல் ஊரில் தைத்தவையும் உண்டு. அவற்றில் எழுத்து கோணலாக இருக்கும், அளவு ஒன்றுபோல் இருக்காது. பெயர் மாறிய பிறகு வந்தவற்றில் ‘ஹோம் கார்டு’ என்று இருக்கும். இவை ஏராளமாகக் கிடைக்கின்றன, விலையும் குறைவு. எல்.டி.வி. பட்டைக்குத்தான் கிராக்கி. கிராக்கி உள்ள இடத்தில் போலி வரும். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

ஊர்க்காரர்கள் எல்.டி.வி. என்பதற்கு ‘பார், குனி, ஓடி மறை’ என்று ஆங்கிலத்தில் விரிவு சொல்லிக் கிண்டல் செய்தார்கள். இந்தக் கிண்டலும் பெயர் மாற்றத்துக்கு ஒரு காரணம் என்று சொல்வார்கள்.

சிவப்புக் கைப்பட்டையில் ‘ஜி.ஆர்.’ என்ற எழுத்தும் கிரீடமும் இருந்தால் நீங்கள் வேறு போரில் இருக்கிறீர்கள். அது முதல் உலகப் போர்க் காலத் தன்னார்வப் பயிற்சிப் படையினுடையது. ‘ஜார்ஜியஸ் ரெக்ஸ்’, அதாவது ஜார்ஜ் மன்னர் என்று பொருள். வயதானவர்கள் அதிகம் இருந்ததால் ஜனங்கள் அதே எழுத்துகளுக்கு ‘அழகான சிதிலங்கள்’ என்று ஆங்கிலத்தில் விரிவு சொன்னார்கள். எந்தப் போராக இருந்தாலும் கேலி ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

சட்டைக்கையை மேலிருந்து கீழே படியுங்கள்

முழுச் சட்டை கிடைத்தால் அதிர்ஷ்டம். கம்பளி சர்ஜ் துணியில் தைத்த இடுப்பளவு ‘பேட்டில்டிரெஸ்’ சட்டை அது. அதன் கையை ஒரு பக்கம் எழுத்துபோல மேலிருந்து கீழே வாசிக்க வேண்டும்.

தோளுக்குச் சற்றுக் கீழே வில் போல வளைந்த துணிப்பட்டை. காக்கிப் பின்னணியில் வெளிர்மஞ்சள் நிறத்தில் ‘ஹோம் கார்டு’ என்று அச்சிட்டிருக்கும். இரண்டு கைகளிலும் இருக்கும். நூலால் பின்னிய எழுத்து அபூர்வம். தையல்காரரிடம் சொந்தக் காசில் செய்துகொண்ட அதிகாரிகள் உண்டு. ஆனாலும் பின்னிய எழுத்தைக் கண்டால் முதலில் சந்தேகப்படுவது நல்லது.

அதன் கீழே, ஒரு சிறு காக்கிச் சதுரத்தில் கறுப்பு எழுத்துகள். இது மாவட்டக் குறியீடு. கென்ட் என்றால் கே.டி., எசெக்ஸ் என்றால் இ.எஸ்.எக்ஸ்., சர்ரே என்றால் எஸ்.ஒய்., யார்க்‌ஷரின் மேற்குப் பகுதிக்கு டபிள்யு.ஆர்., லண்டன் மாவட்டத்துக்கு சி.ஓ.எல். நம் ஊர் வண்டி நம்பர் பிளேட்டில் முதல் எழுத்துகளைப் பார்த்து எந்த மாநிலம் என்று சொல்கிறோமே, அதே மாதிரி.

அதற்கும் கீழே இன்னொரு சதுரம், அதில் ஓர் எண். இது பட்டாலியன் எண். மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் முகவரி முழுசாகும்: ‘ஹோம் கார்டு, கே.டி., 20’ என்றால் கென்ட் மாவட்டத்தின் 20-ஆவது பட்டாலியன்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். சதுரங்கள் தனித்தனியாக விற்பனைக்கு வரும். ஒரு மாவட்ட எழுத்தை ஓரிடத்திலும் எண்ணை வேறிடத்திலும் வாங்கி, ஒன்றாக அட்டையில் ஒட்டி ‘முழு செட்’ என்று விற்பார்கள். அப்படி ஒன்று கையில் வந்தால் மூன்று துண்டுகளின் வெளுப்பையும் ஒப்பிடுங்கள். ஒரே சட்டையில் நான்கு ஆண்டு வெயிலும் மழையும் பட்டவை ஒன்றுபோல் வெளுத்திருக்கும். அப்புறம் திருப்பிப் பார்த்து ஊசித் துளைகளைத் தேடுங்கள். தைத்துப் பிரித்த துணியின் ஓரத்தில் துளை வரிசை தெரியும், துளைகளுக்கு வெளியே உள்ள மடிப்பு வெளுக்காமல் இருக்கும். துளையே இல்லாதது தைக்காமல் கிடங்கில் கிடந்ததாக இருக்கலாம், புதிதாக அச்சடித்ததாகவும் இருக்கலாம். அதை வேறு சோதனையில்தான் தீர்க்க வேண்டும்.

தொப்பி பேட்ஜ்: அதிகம் ஏமாறும் இடம்

இதை அழுத்திச் சொல்கிறேன். பிரிட்டன் முழுவதற்கும் பொதுவான ‘ஹோம் கார்டு தொப்பி பேட்ஜ்’ என்று ஒன்று இருந்ததில்லை. உள்ளூர் ரெஜிமெண்டின் பேட்ஜைத்தான் அணிந்தார்கள். கென்டில் பின்னங்காலில் எழுந்து நிற்கும் குதிரையும் ‘இன்விக்டா’ என்ற சொல்லும் உள்ள ராயல் வெஸ்ட் கென்ட் ரெஜிமெண்டின் பேட்ஜ் தொப்பியில் இருக்கும். அதே பேட்ஜை வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் சண்டையிட்ட வழக்கமான சிப்பாயும் அணிந்தான். பேட்ஜை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இது யாருடைய தொப்பியில் இருந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. ‘ஹோம் கார்டு கேப் பேட்ஜ்’ என்று கூடுதல் விலை கேட்டால் காசைப் பையிலேயே வைத்திருங்கள். தொப்பியோடும் பெயரோடும் குடும்பப் படத்தோடும் சேர்ந்து வந்தால் அது வேறு கதை.

பிளாஸ்டிக் பேட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை. போரில் பித்தளை தோட்டா உறைக்குத் தேவைப்பட்டதால் தொப்பி பேட்ஜ்கள் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டன. பெரும்பாலும் பழுப்பு நிறம். அவற்றில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள்: பின்பக்கம் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் பிளாஸ்டிக்குக்குள் பதிந்திருக்கும். அவற்றைத் தொப்பித் துணிக்குள் செருகி, இரு பக்கமும் மடித்துவிடுவார்கள். பலவற்றில் ‘ஏ. ஸ்டான்லி அண்டு சன்ஸ், வால்சால்’ என்று சிறு எழுத்தில் புடைத்திருக்கும். இந்தத் தகடுகள் இரண்டு மூன்று முறை மடித்தால் ஒடிந்துவிடும். அதனால் இரண்டும் முழுசாக இருப்பது அபூர்வம். ஒன்று ஒடிந்திருந்தால் கவலைப்பட வேண்டாம். இவற்றையும் எல்லா ராணுவத்தினரும் அணிந்தார்கள், ஊர்க்காவல் படைக்கு மட்டுமே உரியவை என்று நினைத்துவிடாதீர்கள்.

பதவி அடையாளம்: 1941-க்கு முன்னும் பின்னும்

தொடக்கத்தில் இந்தப் படையில் ‘மேஜர்’, ‘கேப்டன்’ கிடையாது. பட்டாலியன் கமாண்டர், கம்பெனி கமாண்டர், பிளாட்டூன் கமாண்டர் என்று பொறுப்பின் பெயர்தான். தோளின் மேல் உள்ள மடிப்பில் கருநீலத் துணிப் பட்டைகள். பொறுப்பு ஏற ஏறப் பட்டை கூடும். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குக் கையில் ‘வி’ வடிவக் கோடுகள். மற்ற எல்லோரும் ‘வாலண்டியர்’.

முதல் உலகப் போரில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர் இங்கே சாதாரண வாலண்டியராக நிற்பதும், அவருக்குத் தலைவராக உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் இருப்பதும் அப்போது சாதாரணம். இதனால் வந்த சங்கடங்கள் நிறைய. 1941 பிப்ரவரியில் கமிஷன் வந்ததும் கருநீலப் பட்டை போய், ராணுவ நட்சத்திரங்களும் கிரீடமும் வந்தன. 1942-இல் இந்தப் படையில் சேர்வதைக் கட்டாயமாக்கவும் சட்டம் இடம் கொடுத்தது, ‘வாலண்டியர்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் இல்லாமல் போனது. அவர்களும் ‘பிரைவேட்’ ஆனார்கள்.

ஆக, கருநீலப் பட்டையோடு ஒரு சட்டையோ தோள்மடிப்போ கிடைத்தால் அது ஓராண்டுக்கும் குறைவான காலத்துக்கு உரியது. இதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறவர்களே அதிகம். நட்சத்திரம் வைத்ததுதான் ‘உயர்ந்தது’ என்று எடுத்துக்கொண்டு, நீலக் கோடு போட்ட நைந்த துணியைப் பெட்டியிலேயே விட்டுவிடுவார்கள். நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்கையைப் பாருங்கள்

வலது முன்கையில் சிவப்பு வைர வடிவத் துணி ஒன்று தைத்திருந்தால் அது தேர்ச்சிச் சின்னம். துப்பாக்கி, கைக்குண்டு, வரைபடம் பார்ப்பது போன்றவற்றில் தேர்வு எழுதித் தேறியவர்களுக்குக் கொடுத்தது. கூடவே ஒரு சான்றிதழும் உண்டு. சட்டை போய்ச் சான்றிதழ் மட்டும் மிஞ்சிய வீடுகள் ஏராளம். அதில் பெயரும் பட்டாலியனும் இருப்பதால் சின்னத்தைவிட அது பெறுமானம் உள்ளது.

அதே வலது முன்கையில் சின்னஞ்சிறு சிவப்பு ‘வி’க்கள், கூர் மேல்நோக்கி இருந்தால் அவை போர்ப்பணிக் கோடுகள். 1944-இல் வந்தவை. பணி செய்த ஓராண்டுக்கு ஒன்று. நான்கு இருந்தால் 1940 கோடையில் சேர்ந்து கடைசிவரை இருந்தவர் என்று ஊகிக்கலாம். ஐந்து இருந்தால் விற்பவரிடம் கேள்வி கேளுங்கள்; படையே ஐந்தாண்டு இயங்கவில்லை.

மார்பில் முதல் உலகப் போர் ரிப்பன்கள் தைத்திருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். அது போலிக்கு அடையாளம் இல்லை. ஸோம் சண்டையைப் பார்த்தவர்கள் இந்தப் படையில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், ரிப்பனைப் பெருமையோடு தைத்துக்கொண்டார்கள்.

தனிப் பிரிவுகள்

ரயில்வே, தபால் துறை, தொழிற்சாலைகள் எல்லாம் தங்கள் ஊழியர்களைக் கொண்டே தனிப் பிரிவுகள் வைத்திருந்தன. தேம்ஸ் ஆற்றின் மேல்பகுதியைப் படகில் சுற்றிக் காவல் காத்த ‘அப்பர் தேம்ஸ் பேட்ரோல்’ என்று ஒன்றும் இருந்தது. வட அயர்லாந்தில் இந்தப் படை ராணுவத்தின் கீழ் இல்லாமல் அங்கிருந்த சிறப்புப் போலீஸின் கிளையாகத் தொடங்கியது. முதலில் கறுப்புச் சாயம் போட்ட உடை அணிந்தார்கள். அந்தப் பொருட்களை இங்கிலாந்து விதிகளை வைத்து அளக்காதீர்கள்.

1942 முதல் பலர் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கும் ராக்கெட் ஏவும் பிரிவுகளுக்கும் போனார்கள். அவர்கள் கையில் சிவப்புப் பின்னணியில் மேல்நோக்கி நாணேற்றிய கறுப்பு வில்லும் அம்பும் இருக்கும். விமான எதிர்ப்புத் தலைமையகத்தின் சின்னம் அது. ‘ஹோம் கார்டு’ தோள் எழுத்தோடு இந்த வில்லும் ஒரே கையில் இருந்தால் அந்தச் சட்டையைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விடச் சுவையானது 201, 202, 203 என்ற எண்கள். சாதாரண பட்டாலியன் எண் போலத்தான் தோன்றும். ஆனால் இவை ‘ஆக்ஸிலியரி யூனிட்ஸ்’ என்ற ரகசியப் பிரிவினருடையவை. 1940-இல் காலின் கப்பின்ஸ் என்ற அதிகாரி உருவாக்கியது. ஜெர்மானியர் நாட்டுக்குள் புகுந்துவிட்டால், காட்டுக்குள் மண்ணைத் தோண்டிக் கட்டிய பதுங்கறைகளில் மறைந்திருந்து, அவர்கள் முன்னேறிப் போன பிறகு பின்னாலிருந்து பாலத்தையும் கிடங்கையும் தகர்ப்பது இவர்கள் வேலை. பயிற்சி கோல்ஸ்ஹில் என்ற மாளிகையில். மனைவிக்குக்கூடச் சொல்லக் கூடாது. வெளியே கேட்டால் ‘ஊர்க்காவல் படை’ என்று சொல்லிக்கொள்ள அந்தச் சீருடை. 201 ஸ்காட்லாந்துப் பக்கம், 202 நடுப்பகுதி, 203 தெற்கு. படை கலைந்தபோது இவர்களுக்குப் பொது மரியாதை எதுவும் இல்லை. சிவப்பும் நீலமுமான சின்னக் கேடய வடிவ பேட்ஜ் ஒன்று, கோட்டில் குத்திக்கொள்ள. அதில் இந்த மூன்று பட்டாலியன் எண்களும் பொதிந்திருக்கும். விஷயம் தெரியாதவருக்கு அது ஏதோ கிளப் பேட்ஜ். அளவு கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதனாலேயே இதற்குப் போலியும் நிறைய.

பெண்கள்

பெண்களை இந்தப் படையில் சேர்க்க அரசு நீண்ட நாள் மறுத்தது. நாடாளுமன்ற உறுப்பினர் ஈடித் சம்மர்ஸ்கில் இதற்காக விடாமல் சண்டை போட்டார். காத்திருக்கப் பிடிக்காத பெண்கள் ‘விமன்ஸ் ஹோம் டிஃபென்ஸ்’ என்று தாங்களே அமைத்துத் துப்பாக்கி சுடக் கற்றார்கள். அவர்கள் பேட்ஜில் ஒரு ரைஃபிளும் ஒரு ரிவால்வரும் குறுக்காக இருக்கும். அரசு அங்கீகாரம் இல்லாத பேட்ஜ் அது. என் பார்வையில் அரசு கொடுத்த பலவற்றைவிட அதில் அர்த்தம் அதிகம்.

1943-இல் அரசு இறங்கிவந்தது, பாதி வழி மட்டும். எழுத்து வேலை, சமையல், வண்டி ஓட்டுவது, செய்தி கொண்டுபோவது ஆகியவற்றுக்குப் பெண்கள் வரலாம். ஆயுதம் இல்லை, சீருடையும் இல்லை. கொடுத்தது ஒரே ஒரு பொருள்: பொன்னிற பிளாஸ்டிக்கில் வட்டமான ஒரு புரூச், நடுவில் எச்.ஜி. என்ற எழுத்து, சுற்றிலும் இலை மாலை. இந்தப் புரூச்சை ‘ஏதோ மலிவான பிளாஸ்டிக்’ என்று சில்லறை டப்பாவில் போட்டிருப்பார்கள். தேடிப் பாருங்கள்.

மெடலும் சான்றிதழும்

பணி முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் மன்னரின் கையெழுத்து அச்சிட்ட சான்றிதழ் கிடைத்தது. பெயரும் பணிக்காலமும் அதில் இருக்கும். மூன்றாண்டு பணி செய்தவர்களுக்கு டிஃபென்ஸ் மெடலுக்கு உரிமை உண்டு, விண்ணப்பித்தால்தான் தருவார்கள். பலர் விண்ணப்பிக்கவே இல்லை. ரிப்பனின் நடுவில் தீயின் ஆரஞ்சு நிறம், இருபுறமும் பச்சை, பச்சைக்குள் மெல்லிய கறுப்புக் கோடு. பச்சை நாட்டின்மேல் விழுந்த தீயும், விளக்கணைத்த இரவுகளும் என்று பொருள் சொல்வார்கள்.

மெடலில் பெயர் பொறித்திருக்காது. தீயணைப்புப் படையினர், விமானத் தாக்குதல் காவலர்கள் எனப் பலருக்கும் இதே மெடல்தான். அதனால் தனி மெடல் எதையும் நிரூபிக்காது. அது வந்த அட்டைப்பெட்டியும் முகவரி எழுதிய தாளும் சேர்ந்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

போலியைக் கண்டுபிடிப்பது

நான் முதன்முதலில் வாங்கிய எல்.டி.வி. கைப்பட்டையை நெடுநாள் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்திருந்தேன். விற்றவர் பெயர் வேண்டாம். எழுத்து நேராக, மை சீராக, ஓரம் அழகாக மடித்துத் தைத்து இருந்தது. ஒரு நாள் கரண்ட் போன நேரத்தில், ரூபாய் நோட்டு சோதிக்கும் புற ஊதா டார்ச்சை விளையாட்டாக அதன்மேல் அடித்தேன். தையல் நூல் மட்டும் நீல வெள்ளையாகப் பளிச்சென்று எரிந்தது, ரேஷன் கடைச் சேலையில் ஜரிகை மின்னுவதுபோல. சட்டத்தைக் கழற்றி நூலைப் பிரித்துப் பார்த்தால் பாலியஸ்டர். பாலியஸ்டர் இழை 1941-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது, சந்தைக்கு வந்தது போருக்குப் பிறகு. 1940 மே மாதக் கைப்பட்டையை அதை வைத்துத் தைத்திருக்க முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். இருட்டில் புற ஊதா விளக்கு அடியுங்கள். துணிக்கு வெண்மை கூட்டும் வேதிப்பொருட்கள் போருக்குப் பிறகுதான் பரவின. அவை நீலமாக ஒளிரும். ஆனால் ஒளிர்ந்தாலே போலி என்று முடிவு கட்டாதீர்கள். பழைய துணியை யாராவது இந்தக் காலச் சோப்புத் தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும். அப்போது துணி முழுவதும் மங்கலாக ஒளிரும். நூல் மட்டும் பளிச்சென்றால்தான் சந்தேகம் வலுக்கிறது.

அச்சைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பழைய மை இழைக்குள் இறங்கியிருக்கும். புதிய திரை அச்சு துணியின் மேலே தோல்போல உட்கார்ந்திருக்கும், நகத்தால் தொட்டால் மேடு தெரியும். தேநீரில் ஊறவைத்துப் ‘பழசாக்கிய’ துணி முன்னும் பின்னும் ஒரே பழுப்பாக இருக்கும். உண்மையிலேயே பழையதில் மடிப்புக்குள் நிறம் வேறு, வெளியே வேறு. மூக்கருகே கொண்டுபோனால் தேயிலை வாசமே காட்டிக்கொடுத்ததும் உண்டு.

உலோக பேட்ஜில் விவரங்கள் மழுங்கி, ஓரத்தில் மெல்லிய வார்ப்புக் கோடு இருந்தால் அது பழைய பேட்ஜை அச்சாக வைத்து வார்த்த நகல். அசல் அழுத்தி எடுத்தது; பின்பக்கம் முன்பக்க உருவம் குழியாகத் தெரியும். அம்புக்குறி முத்திரை (பிரிட்டிஷ் அரசுப் பொருள் என்பதற்கு அடையாளம்), தேதி முத்திரை இருந்தால் நல்லதுதான், ஆனால் முத்திரையையும் போலி செய்கிறார்கள். முத்திரை இல்லாத அசல்களும் ஏராளம். நான் இப்போதெல்லாம் கொஞ்சம் கோணலாக, அவசரத்தில் செய்ததுபோல் இருப்பதைத்தான் முதலில் கையில் எடுக்கிறேன்.

பெயர் தெரிந்தால்

பொருளோடு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் வேலை இன்னும் இருக்கிறது. சேரும்போது ஒவ்வொருவரும் நிரப்பிய படிவத்தின் எண் டபிள்யு 3066. இந்தப் படிவங்கள் லண்டனில் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்துசேர்ந்தன. அதிகாரியாக இருந்தால் இன்னும் எளிது: போர்க் காலத்தில் அச்சிட்ட ஹோம் கார்டு அதிகாரிகள் பட்டியலில் பட்டாலியன் வாரியாகப் பெயர்கள் உள்ளன. மாவட்ட எழுத்தையும் எண்ணையும் சரியாகப் படித்திருந்தால் நேராக அந்தப் பக்கத்துக்குப் போய்விடலாம்.

வைத்துக்கொள்வது

சட்டையிலிருந்து எதையும் பிரிக்காதீர்கள். துவைக்காதீர்கள், பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நம் வீட்டுக் கை சும்மா இருக்காது, சொல்லி வையுங்கள். கம்பளியில் அந்துப்பூச்சி விழும். வாங்கியவுடன் பிளாஸ்டிக் உறையில் காற்றை வெளியேற்றி மூடி, இரண்டு வாரம் ஃபிரீசரில் வைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உடனே உறையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். அப்புறம் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, அமிலம் இல்லாத அட்டைப்பெட்டியில் படுக்கவையுங்கள். சென்னை மாதிரிக் கடலோர ஊரானால் சிலிக்கா பாக்கெட் போட்டு மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். பிளாஸ்டிக் பேட்ஜை வெயிலில் வைத்தால் வளைந்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டு: எங்கே வாங்கியது, யார் கொடுத்தது, கூட என்னென்ன வந்தது. பேனா வேண்டாம், பென்சிலில் எழுதுங்கள். மை கசிந்தால் துணியில் ஏறிவிடும்.